கரிப்பு சந்தோஷமாகிவிட்டது

ஜூன் 3, சனி

லாரி கம்பெனிக்காரர் ஜனவரியில் கொடுத்த டைரி இது. ஐந்து மாதம் சும்மா கிடந்தது. இன்றைக்கு ஆத்திரத்தை எங்காவது கொட்ட வேண்டும், அதனால் திறந்தேன்.

எங்கள் இசைக்குழுவின் பெயர் கரிப்பு. உப்பு விளையும் தூத்துக்குடியில் பிறந்த குழுவுக்கு வேறென்ன பெயர் வைப்பது? மூன்று பேர். ஜெனோவா பாட்டும் கிதாரும், இசக்கி டிரம்ஸ், நான் பேஸ் கிதார். பாட்டெழுதுவதும் நானே. எல்லாம் சோகப் பாட்டுதான், அதில் ஒளிவுமறைவு இல்லை. எங்களுக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது 'ஏழு மணி பஸ்'. என் மனைவி ரெஜினா ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் ஏழு மணி பஸ் ஏறி என்னை விட்டுப் போன கதை. கேட்டவர்கள் அழுதார்கள். அழாதவர்கள் அழுததாகச் சொன்னார்கள்.

இன்று ஐஸ் கம்பெனி மாடியில் ஒத்திகை. இசக்கி அந்தப் பாட்டின் பழைய பதிவைக் கணினியில் போட்டான். வேகத்துக்கான ஏதோ ஓர் எண்ணை மாற்றி வைத்துத் தொலைத்திருக்கிறான், பாட்டு தலைதெறிக்க ஓடியது. ஜெனோவாவின் குரல் ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் குரலாகிவிட்டது. என் பேஸ் தவளை மாதிரித் துள்ளியது. "நிறுத்துலே!" என்று கத்துகிறேன், அவன் நிறுத்தவில்லை. ஜெனோவா சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அப்புறம் எழுந்து ஆடினாள்.

"அண்ணே, இப்பந்தான் இந்தப் பாட்டு கேக்குத மாதிரி இருக்கு," என்றாள்.

ஆறு வருடத்தில் அவள் ஒத்திகையில் ஆடி நான் பார்த்ததில்லை. முதல் தடவையாக ஆடினாள், அதுவும் என் துக்கத்துக்கு. பேஸை உறையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஜூன் 5, திங்கள்

நான் வேலை பார்க்கும் எடைமேடையில் உப்பு லாரி வரிசை துறைமுகச் சாலை வரை நின்றது. யாரோடும் பேச நேரமில்லை. நல்லதாகப் போயிற்று.

ஜூன் 10, சனி

கோபம் ஆறித்தான் ஒத்திகைக்குப் போனேன். போனால் அங்கே புதுக் கூத்து. ஜெனோவா ஒரு பாட்டு எழுதி வந்திருக்கிறாள். பெயர் 'எட்டு'. ஸ்கூட்டர் லைசென்ஸுக்கு எட்டு போடப் போய் மூன்று தடவை கால் ஊன்றி விழுந்து தோற்றவள், நாலாவது தடவை கால் ஊன்றாமல் சுற்றி வந்த கதை.

காலை ஊனல, காலை ஊனல,
எட்டப் போட்டேன் காலை ஊனல!

இதுதான் பல்லவி. இசக்கி அதற்குக் குதிரை ஓட்டத்தில் ஓர் அடி வைத்திருக்கிறான். இரண்டு பேரும் எனக்குத் தெரியாமல் வாரநாளில் கூடியிருக்கிறார்கள் என்பது அதிலேயே தெரிந்தது.

"இதெல்லாம் ஒரு பாட்டாம்மா?" என்று கேட்டேன்.

"ஒங்க பஸ்ஸு பாட்டாகும், என் ஸ்கூட்டரு பாட்டாகாதோ?"

"பஸ்ஸுல ஒரு மனுஷி போனா. அதுல வலி இருக்கு."

"மூணு தடவ அத்தன பேரு முன்னால கீழ விழுந்தேம்லா. எனக்கு மட்டும் வலிக்காதா? ஆனா நாலாவது தடவ விழலண்ணே. அதப் பாடக்கூடாதா?"

மூளையை மூட்டை கட்டி வைத்துவிட்டு வாசித்தேன். பேஸுக்கு அதில் வேலையே இல்லை. வாசிக்கும்போது என் கால் தாளம் போட்டது என்று இசக்கி சொல்லிக்கொண்டு திரிகிறான். அது கொசு.

ஜூன் 17, சனி

இன்று உடைத்துச் சொல்லிவிட்டாள். 'ஏழு மணி பஸ்' இனிமேல் பாட மாட்டாளாம்.

அந்தப் பாட்டில் ஓர் இடம் இருக்கிறது. "ஒரு வார்த்தை சொல்லல" என்று அவள் பாடி நிறுத்துவாள். நாங்களும் வாசிப்பதை நிறுத்துவோம். நாலு தாளத் தட்டு அளவுக்கு மௌனம். கேட்பவர்கள் தொண்டை அடைத்து நிற்கட்டும் என்று நான் வைத்த மௌனம் அது. எங்கள் இரண்டாவது கச்சேரியிலேயே எவனோ அந்த இடத்தில் "போடி!" என்று கத்தினான். அடுத்த கச்சேரியில் பத்துப் பேர். இப்போது கூட்டம் மொத்தமும் கையை மேடைக்கு நீட்டி ஒரே குரலில் கத்துகிறது. நாங்கள் யாருக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை. ரசிகர்களாகவே உண்டாக்கிய வழக்கம். கேட்க நன்றாகவும் இருக்கும், டைரியில் எதற்குப் பொய்?

"கைய நீட்டி யாரப் பாத்துக் கத்துதானுவன்னு நெனைக்கீங்க?" என்று ஜெனோவா கேட்டாள்.

"பாட்டைப் பாத்து," என்றேன்.

"பாட்டு எங்கண்ணே நிக்கி? மைக்குக்குப் பின்னால நாந்தான நிக்கேன்?"

மேடை என்றால் நாலும் இருக்கும். இதற்கெல்லாம் முகம் சுளித்தால் பாட முடியுமா? அதை அவளிடமும் சொன்னேன். அவள் கிதாரின் கம்பிகளைத் துணியால் துடைத்துக்கொண்டே பேசினாள்.

"ஆறு வருஷமா பாடிட்டேன். இனி முடியாது. அந்தப் பாட்டுதான் வேணும்னா வேற ஆளப் பாத்துக்கிடுங்க. நான் கோவிச்சுக்கிட மாட்டேன்."

இசக்கியைப் பார்த்தேன். அவன் குச்சிகளைப் பார்த்தான். "நானும் அவ கூடத்தாண்ணே," என்றான். பேட்டரிக் கடையில் வேலை பார்த்தவனைக் கூட்டி வந்து டிரம்ஸில் உட்கார வைத்தவன் நான். நன்றாக இருக்கட்டும்.

ஜூன் 18, ஞாயிறு

ரெஜினா சொல்லாமல்தான் போனாள். அதாவது, போன அன்று காலையில் சொல்லவில்லை. ஒரு பாட்டுக்கு அது போதும்.

ஜூலை 8, சனி

'எட்டு' நேற்று இணையத்தில் வெளியானது. நான் எதிர்பார்த்ததுதான் நடக்கிறது. நம் ஆட்கள் கிழித்துத் தோரணம் கட்டுகிறார்கள்.

"கரிப்பு சர்க்கரையாகிவிட்டது." "ஞாயிற்றுக்கிழமை குழந்தைகள் நிகழ்ச்சியா?" "உலகு அண்ணன் எங்கே? அவரைப் பேசச் சொல்லுங்கள்." "அந்தப் பெண் அண்ணனைக் கெடுத்துவிட்டாள்."

உலகு என்பது நான்தான், உலகநாதன். என்னைத் தேடுகிறார்கள் என்று பார்க்கும்போது நெஞ்சு நிறைந்தது. ஒன்பது பேருக்கு விருப்பக்குறி போட்டேன். கடைசி ஆளுக்குப் போட்டதை மட்டும் அப்புறம் எடுத்துவிட்டேன்.

மாலையில் இசக்கி ஒரு காணொளியைக் காட்டினான். சாத்தான்குளத்தில் ஒரு பெண், நாற்பத்தைந்து வயதிருக்கும், புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஸ்கூட்டரில் எட்டு போடுகிறாள். பின்னால் எங்கள் பாட்டு ஓடுகிறது. முடித்துவிட்டு வண்டியை நிறுத்தி, இரண்டு கையையும் தூக்கி ஒரு கூச்சல் போடுகிறாள். எனக்கென்ன வந்தது? நாலு தடவை பார்த்தேன், அவ்வளவுதான்.

ஜூலை 20, வியாழன்

சென்னையிலிருந்து பிரசன்னா என்று ஒருவர் கூப்பிட்டார். அக்டோபர் பதினாலாம் தேதி திறந்தவெளியில் பெரிய இசை விழா நடத்துகிறாராம். கடைசியாக மேடையேறும் முக்கியக் குழு நாங்கள்.

"ஒரே ஒரு கண்டிஷன்ணா. 'ஏழு மணி பஸ்' கண்டிப்பா வேணும். ஜனங்க அதுல கத்தறதுக்குன்னே வராங்க. புதுசா ஏதோ பண்றீங்க போல, அதெல்லாம் முன்னாடி ரெண்டு பாடிக்கோங்க."

"பாடுவோம்," என்றேன். எந்த யோசனையும் இல்லாமல் வாயிலிருந்து வந்துவிட்டது. ஆறு வருடமாக இந்த அழைப்புக்குத்தானே காத்திருந்தோம்.

ஜூலை 22, சனி

சொன்னேன். இசக்கி துள்ளிக் குதித்தான், நிபந்தனையைச் சொன்னதும் உட்கார்ந்துவிட்டான். ஜெனோவா கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை.

"பாடுவோம்னு சொன்னது நீங்கதான?"

"ஆமா."

"அப்பம் நீங்களே பாடுங்க. மைக்குக்குப் பின்னால நீங்க நில்லுங்க. நான் கீழ எறங்கிக்கிடுதேன்."

பாடுகிறேன் என்றேன். எழுதியவன் நான், பட்டவன் நான். எனக்குப் பாடத் தெரியாதா? அடுத்த மாதம் பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு கல்லூரிக் கச்சேரி இருக்கிறது. அங்கே பாடிக் காட்டுகிறேன், பார்க்கட்டும்.

ஆகஸ்ட் 6, ஞாயிறு

வீட்டில் சாதகம் செய்தேன். பக்கத்து வீட்டு அக்கா கதவைத் தட்டி, "தம்பி, ஒடம்புக்கு முடியலையா?" என்று கேட்டுவிட்டு ரசம் கொடுத்துப் போனார்கள். ரசம் நன்றாக இருந்தது.

ஆகஸ்ட் 27, ஞாயிறு

நேற்று கல்லூரிக் கச்சேரி.

மாலை ஐந்து மணிக்கு மைதானத்தில் ஆரம்பித்தோம். ஜெனோவா நாலு பாட்டுப் பாடினாள். 'எட்டு' வந்தபோது அதுவரை பின்னால் மரத்தடியில் நின்ற பெண்பிள்ளைகள் எல்லாம் முன்னால் ஓடி வந்துவிட்டார்கள். எங்கள் கச்சேரிகளில் பெண்கள் பின்னால்தான் நிற்பார்கள். ஏன் என்று நான் யோசித்ததே இல்லை.

அப்புறம் 'ஏழு மணி பஸ்'. ஜெனோவா கிதாரைக் கழற்றி வைத்துவிட்டு இறங்கிப் படிக்கட்டுப் பக்கம் நின்றாள். நான் நடு மைக்குக்கு வந்தேன். பையன்கள் ஆரவாரம் செய்தார்கள். என் குரல் அவ்வளவு மோசமில்லை.

"ஒரு வார்த்தை சொல்லல" என்று பாடி நிறுத்தினேன். நாலு தட்டு.

"போடி!"

ஆறு வருடமாக அதை நான் மேடையின் இடது ஓரத்தில் நின்று கேட்டிருக்கிறேன். அங்கே அது வேறொரு ஆளுக்கு விழுகிற அடி. நடுவில் நின்றால் முகத்தில் விழுகிறது. ஐந்நூறு கைகள், ஐந்நூறு விரல்கள். பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டே கத்துகிறார்கள். 

இரண்டாவது தடவை அந்த இடம் வந்தபோது முன்வரிசையில் ஒரு பச்சைச் சட்டை மேடையைப் பார்க்கவில்லை. திரும்பி, மூன்று வரிசை தள்ளி நின்ற ஒரு பெண்ணைப் பார்த்து விரலை நீட்டி, "போடி அபிநயா!" என்றான். அவன் கூட்டாளிகள் சிரித்தார்கள். மூன்றாவது தடவைக்குள் அந்தப் பெயர் பரவிவிட்டது. அவளை யாரென்றே தெரியாத பையன்கள் எல்லாம் அவள் பெயரைக் கத்தினார்கள். கொஞ்ச நேரம் முன்னால் 'எட்டு' பாட்டுக்கு ஆடிய பெண் அவள். தலையைக் குனிந்துகொண்டு கூட்டத்தை விலக்கி வெளியே போனாள். சைக்கிள் ஸ்டாண்டில் தனியாக நிற்பது மேடையிலிருந்து தெரிந்தது.

இன்னும் ஒரு சரணம் பாக்கி இருந்தது. அதையும் பாடினேன். இதை எழுதி வைக்க வேண்டும். நான் நிறுத்தவில்லை. முழுவதும் பாடினேன்.

வேனில் திரும்பினோம். ஜெனோவா ஏதாவது சொல்லியிருந்தால் நான் சண்டையாவது போட்டிருப்பேன்.

ஆகஸ்ட் 29, செவ்வாய்

காய்ச்சல் என்று லீவு சொன்னேன். காய்ச்சல் இல்லை.

செப்டம்பர் 2, சனி

ஒத்திகைக்குப் போகவில்லை. எழுதிவிடுகிறேன்.

ரெஜினா நர்ஸ். மஸ்கட்டில் ஓர் ஆஸ்பத்திரிக்கு விண்ணப்பித்திருந்தாள். இரண்டு வருட வேலை, நீங்களும் வாங்க, வராவிட்டால் நான் போய் வருகிறேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். வேலைக் கடிதம் வந்தபோது வீட்டில் நான் மட்டும்தான் இருந்தேன். கையெழுத்துப் போட்டு வாங்கி, என் ஆம்ப்ளிஃபயருக்குப் பின்னால் வைத்தேன். மறதி இல்லை. வைத்தேன்.

மூன்று மாதம் அவள் தபால்காரரை வழிமறித்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் அந்த ஆம்ப்ளிஃபயரில் தினமும் வாசித்துக்கொண்டிருந்தேன். பொங்கலுக்கு வீட்டை ஒட்டடை அடித்தபோது அவள் கையில் கிடைத்தது. சேர வேண்டிய நாள் எப்போதோ முடிந்துபோயிருந்தது.  மஸ்கட்டிலேயே வேறு ஆஸ்பத்திரிக்கு மறுபடி முதலிலிருந்து விண்ணப்பம் போட்டாள், கிடைத்ததும்தான் அந்த ஏழு மணி பஸ் ஏறினாள்.

இப்போது அங்கே நன்றாக இருக்கிறாள். வேறு கல்யாணம் ஆகிவிட்டது, ஒரு பெண் குழந்தை இருக்கிறது. அங்கேயும் நம் ஊர்க்காரர்கள் இருப்பார்கள். 'ஏழு மணி பஸ்' அவர்களுக்கும் தெரிந்திருக்கும். இதைப் பற்றி ஆறு வருடத்தில் ஒரு தடவைகூட யோசிக்காத மனிதன் நான்.

செப்டம்பர் 9, சனி

போனேன். "'எட்டு' மொதல்லேர்ந்து போவோம்," என்றேன். ஜெனோவா என் முகத்தைப் பார்த்தாள், கிதாரை எடுத்து மாட்டினாள். அந்தப் பாட்டில் பேஸுக்கு வேலை இல்லை என்று எழுதியிருந்தேன். ஏராளமாக இருக்கிறது. ஸ்கூட்டர் வளைவு திரும்புகிற இடமெல்லாம் பேஸ்தான் பிடித்து நிறுத்த வேண்டும். மூன்று மாதம் சோம்பேறித்தனமாக வாசித்திருக்கிறேன். பதினோரு தடவை வாசித்தோம். என் கால் தாளம் போட்டது. இன்று கொசு இல்லை.

கீழே இறங்கும்போது ஜெனோவாவிடம் கடிதத்தைப் பற்றிச் சொன்னேன். படிக்கட்டில் நின்று முழுவதும் கேட்டாள்.

"இதத் தெரியாம நான் ஆறு வருஷம் பாடியிருக்கேன் பாத்தீங்களா," என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். மன்னிப்புக் கேட்டேன். "ஏங்கிட்ட மட்டும் கேட்டா போதுமாண்ணே?" என்றாள்.

செப்டம்பர் 11, திங்கள்

பிரசன்னாவைக் கூப்பிட்டு, அந்தப் பாட்டு கிடையாது என்றேன்.

"அண்ணா, போஸ்டர்லயே பெருசா போட்டாச்சு. ஊரெல்லாம் ஒட்டியாச்சு. ஜனங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

"நீங்க சொல்ல வேண்டாம். நான் சொல்லுதேன்."

"இப்படிப் பண்ணா அடுத்த தடவை ஒருத்தனும் உங்களக் கூப்பிட மாட்டான்ணா."

"கூப்பிடாட்டா போகட்டும். ஐஸ் கம்பெனி மாடி இருக்குல்லா," என்றேன்.

அக்டோபர் 15, ஞாயிறு, ரயிலில்

நேற்று நடந்ததை அது நடந்த மாதிரியே எழுதப் பார்க்கிறேன்.

பொழுது சாயும் நேரம். நான் பார்த்ததிலேயே பெரிய கூட்டம். முதல் பாட்டிலேயே "பஸ்! பஸ்!" என்று ஆரம்பித்துவிட்டார்கள். மூன்றாவது பாட்டாக 'எட்டு' எடுத்தோம். பாதியில் "போடி!" என்று ஒரு குரல் வந்தது. அந்தப் பாட்டில் மௌனமே கிடையாது, இருந்தாலும் பாட்டுக்கு மேலேயே கத்தினார்கள். நேராக ஜெனோவாவைப் பார்த்து. ஒருவன் தண்ணீர் பாட்டிலை எறிந்தான். அவள் தோளில் பட்டது. அவள் நிறுத்தவில்லை. "காலை ஊனல, காலை ஊனல" என்று மைக்கைப் பிடித்துக்கொண்டு இன்னும் ஓங்கிப் பாடினாள். கன்னத்தில் தண்ணீர் வழிந்தது. அது பாட்டில் தண்ணீர் மட்டும்தானா என்று எனக்குத் தெரியாது.

பாட்டு முடிந்ததும் நான் நடு மைக்குக்குப் போனேன். அண்ணன் பாடப் போகிறார் என்று ஒரே ஆரவாரம்.

"நாந்தான் உலகு. அந்தப் பாட்டு எழுதுனவன்," என்றேன். "இன்னைக்கு அது கெடையாது. இனி எங்கயும் கெடையாது."

ஊளையிட்டார்கள். காத்திருந்தேன். ஊளை அடங்க நேரமாயிற்று, அதற்கும் காத்திருந்தேன்.

"நீங்க 'போடி'ன்னு கத்துதீங்களே, அவ பேரு ரெஜினா. அவளுக்கு வந்த வேலைக் கடுதாசிய மூணு மாசம் ஒளிச்சு வச்சவன் நான். அதுக்கப்புறந்தான் அவ போனா. ஒரு வார்த்த சொல்லலன்னு எழுதுனேன். சொன்னா. ஒரு வாரம் முன்னாலயே, எதுக்க உக்காந்து, இனி முடியாதுன்னு சொன்னா. எந்த பஸ்ஸுன்னும் சொன்னா. சொல்லலன்னா அது ஏழு மணி பஸ்ஸுன்னு எனக்கு எப்படித் தெரியும்? ஆறு வருஷமா பாடுதோம், உங்கள்ல ஒருத்தராவது அதக் கேட்டீங்களா? நானே கேக்கல."

கூட்டம் அமைதியானது. நாலு தட்டெல்லாம் இல்லை, ரொம்ப நேரம். மைக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

அப்போது எங்கோ வலது பக்கமிருந்து ஒரு பெண் குரல் தெளிவாக வந்தது:

"போடா!"

கூட்டம் வெடித்துச் சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "நியாயந்தான்," என்றேன். திரும்பிப் பார்த்தால் ஜெனோவா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். அந்தச் சிரிப்பு நிற்பதற்குள் இசக்கி அடியை ஆரம்பித்துவிட்டான். 'எட்டு' இன்னொரு தடவை.

நிறையப் பேர் போய்விட்டார்கள். அதை மறைக்கப் போவதில்லை, பாதி மைதானம் காலி. போனவர்கள் விட்ட இடத்தில் பின்னால் நின்ற பெண்கள் வந்தார்கள், அவர்களோடு சில பையன்களும் வந்தார்கள். இடம் தாராளமாக இருந்ததால் நன்றாக ஆடினார்கள். பிரசன்னா எங்களை வழியனுப்ப வரவில்லை.

ரயிலில் ஜெனோவா முறுக்குப் பொட்டலத்தை நீட்டிக்கொண்டே, "ரெண்டாவது தடவ வாசிக்கும்போது ரெண்டு எடத்துல தப்பு விட்டீங்கண்ணே," என்றாள்.

மூன்று இடம். அவள் கவனிக்கவில்லை.

அக்டோபர் 17, செவ்வாய்

திட்டித் தீர்க்கிறார்கள். கோழை என்கிறார்கள், வேஷம் என்கிறார்கள், விளம்பரம் என்கிறார்கள். கோவையில் நடக்க இருந்த கச்சேரியை ரத்து செய்துவிட்டார்கள். செய்யட்டும். மூன்று புதுப்பாட்டுக்கு மெட்டு இருக்கிறது, எல்லாமே ஓட்டம்.

எடைமேடையில் மதியம் கூட்டமில்லை. ஜெனோவாவையும் இசக்கியையும் கேட்டுக்கொண்டு, 'ஏழு மணி பஸ்' பாட்டை இணையத்திலிருந்து எடுக்க உட்கார்ந்தேன். இத்தனை லட்சம் பேர் கேட்ட பாட்டை நிச்சயமாக நீக்க வேண்டுமா என்று அந்தத் தளம் கேட்டது. ஆம் என்றேன். நீக்கினால் திரும்ப வராது என்றது. ஆம் என்றேன். காரணம் கேட்டது. உரிமைப் பிரச்சினை, ஒலித்தரம், வேறு குழுவுக்கு மாற்றம் என்று ஒரு பட்டியல் வந்தது. எதுவும் பொருந்தவில்லை. கடைசியில் 'மற்றவை' என்று ஒரு கட்டம் இருந்தது.

அவள் சொல்லிவிட்டுத்தான் போனாள் என்று அடித்து அனுப்பினேன். வெளியே உப்பு லாரி ஒன்று ஹாரன் அடித்தது, எழுந்து போய் மேடையில் ஏற்றச் சொன்னேன்.